பெண் சூப்பர் ஹீரோ படத்துக்கு ஏன் தியேட்டரிலை சனமில்லை? விவாதத்துக்குக் கணக்கு வேணும்

வட்டக்கச்சி வாசகி:

எல்லாருக்கும் வணக்கம். மகளிர் தினத்தை ஒட்டி, கிளிநொச்சியிலை எங்கட வாசிகசாலையிலை ஏ.எல். பிள்ளையளுக்கு ஒரு விவாதம் வைக்கிறம். தலைப்பு: "பெண் நாயகியாக வரும் சூப்பர் ஹீரோ படங்கள் திரையரங்கில் தோற்பதற்குக் காரணம் நாயகி பெண் என்பதே."

ஒட்டிப் பேசுற அணிக்கு வேலை லேசு. 'கட்வுமன்', 'மடம் வெப்', 'த மார்வல்ஸ்' எண்டு மூண்டு பேரைச் சொல்லிப்போட்டு இருந்தாலே சபை கை தட்டும். வெட்டிப் பேசுற அணியிட்ட இப்போதைக்கு இருக்கிறது கோவம் மட்டும். இரண்டு அணிக்கும் ஒரே தாளாக் குடுக்கக்கூடிய தரவு தேவை: ஆண்டு, செலவு, வசூல், விழுந்ததெண்டால் ஏன் விழுந்தது. "சமூகம் மாற வேணும்" எண்ட மாதிரிப் பதில் வேண்டாம், அதை எப்பிடியும் நடுவர் சொல்லுவார்.

இன்னொண்டு. விவாதம் முடிய அதே மண்டபத்திலை தாய்மாரையும் பிள்ளையளையும் இருத்தி ஒரு படம் போடுற யோசனையும் இருக்கு. எங்கட பக்கத்துப் பெண்கள் இப்பிடியான படத்துக்கு வருவினமோ, வராட்டி ஏன் எண்டதையும் தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ.

கனகராயன்:

தங்கச்சி, படப் பட்டியலைக் குடுக்க முதல் வசூலை வாசிக்கிற முறையைப் பிள்ளையளுக்குக் காட்டுங்கோ. அது தெரியாட்டி இரண்டு அணியும் ஒரே தொகையை வைச்சு ஆளுக்கொரு கதை சொல்லும்.

உலக வசூல் எண்டு போடுறது ரிக்கற் வித்த மொத்தக் காசு. படம் எடுத்த கொம்பனியின்ரை கைக்கு அது முழுக்க வராது. மட்டாச் சொன்னால் அமெரிக்கா, கனடாவிலை அரைவாசி, மற்ற நாடுகளிலை நூற்றுக்கு 40, சீனாவிலை நூற்றுக்கு 25. விளம்பரச் செலவு படச்செலவுக்கு வெளியாலை. அதாலைதான் செலவைப்போல இரண்டரை மடங்கு வசூல் வந்தால்தான் தியேட்டர் ஓட்டத்திலை முதல் தப்பும் எண்டு தொழில்காரர் கணக்கு வைச்சிருக்கினம். துல்லியமான சூத்திரமில்லை, ஆனால் விவாதத்துக்குக் காணும்.

'த மார்வல்ஸ்' (2023 நவம்பர்) படத்தை இதிலை போட்டுப் பாருங்கோ. உலக வசூல் 206 மில்லியன் டொலர். அதிலை அமெரிக்கா, கனடா 84.5, அரைவாசி 42. மிச்சம் 121 சொச்சத்திலை நூற்றுக்கு 40 எண்டால் 49. ஆக, திரும்பி வந்தது 90 மில்லியன் அளவு. படச்செலவு மட்டும் 200 மில்லியனுக்கு மேலை. விழுந்த படந்தான், மறுபேச்சில்லை.

இனி 'வொண்டர் வுமன்' (2017). செலவு 150 மில்லியன் அளவு. உலக வசூல் 820 மில்லியன் சொச்சம், அதிலை பாதி அமெரிக்கா, கனடாவிலை. அதே முறையிலை 206 உம் 164 உம் கூட்ட 370 மில்லியன். 'கப்டன் மார்வல்' 2019 மார்ச் 8, மகளிர் தினத்திலேயே வந்து 1.1 பில்லியனைத் தாண்டினது. இந்த இரண்டையும் வைச்சுக்கொண்டு "பெண் எண்டதே காரணம்" எண்டு எப்பிடி நிறுவுறது? ஒட்டிப் பேசுற அணி முதல் இதுக்குப் பதில் தேடோணும்.

அடுத்ததாப் பாக்கவேண்டியது முதல் வார இறுதி வசூலும், மொத்தத்தை அதாலை பிரிச்சு வாற விடையும். அமெரிக்கா, கனடாக் கணக்கு மட்டும் எடுங்கோ. 'வொண்டர் வுமன்' முதல் வார இறுதி 103 மில்லியன், மொத்தம் 412, விடை 4. 'கப்டன் மார்வல்' 153 உம் 426 உம், விடை 2.8. 'பிளக் விடோ' (2021) 80 உம் 183 உம், விடை 2.3. 'த மார்வல்ஸ்' 46 உம் 84.5 உம், விடை 1.8. விடை 4 எண்டால் பாத்த ஆக்கள் வீட்டை போய்ச் சொல்லி, சொல்லிக் கேட்ட ஆக்கள் கிழமைக் கணக்கா வந்திருக்கினம். 1.8 எண்டால் எப்பிடியும் வாற விசிறியள் வந்திச்சினம், அதோடை சரி. 'த மார்வல்ஸ்' இரண்டாம் வார இறுதியிலை நூற்றுக்கு 78 விழுந்தது. மார்வல் படங்களிலை அவ்வளவு வீழ்ச்சி அதுக்கு முதல் இல்லை.

கடைசியா, அதே 2023 இலை ஆண் நாயகர்களுக்கு நடந்ததையும் தாளிலை போடுங்கோ. 'த ஃபிளாஷ்' 271 மில்லியன், செலவோ 200 ஐத் தொட்டது. 'ஷசாம்' இரண்டாம் பாகம் 134. 'புளூ பீட்டில்' 130. எல்லாம் முதல் தப்பாத படங்கள். 2024 இலை சோனி கொம்பனியின்ரை 'மடம் வெப்' 100 மில்லியன் எடுத்துச் சிரிப்புக்கிடமானது. அதே சோனி, அதே வருசக் கடைசியிலை விட்ட 'கிரேவன்' 62 மில்லியன். 'கிரேவன்' விழுந்தபோது "ஆண் சூப்பர் ஹீரோ எண்டால் ஆர் பாக்கிறது" எண்டு ஒருத்தரும் கேக்கேல்லை.

முத்தையன்கட்டு:

கனகராயன் அண்ணை சொன்ன தொகைகள் சரி. ஆனால் "ஆண் படமும்தானே விழுந்தது" என்று சொல்லி வெட்டி அணி தப்ப ஏலாது. எதிர் அணியில் கெட்டிக்காரப் பொடியன் ஒருவன் இருந்தால் உடனே கேட்பான்: அப்ப ஏன் கப்டன் மார்வல் என்ற அதே நாயகி 2019 இல் 153 மில்லியனோடு தொடங்கி 2023 இல் 'த மார்வல்ஸ்' படத்தில் 46 இல் தொடங்கினாள்?

இதற்குப் பதில் பார்வையாளர் ஆர் என்பதில் இருக்கு. அமெரிக்காவில் முதல் வார இறுதியில் வாசலில் நின்று கேட்டு எடுக்கிற கணக்கு உண்டு. 'வொண்டர் வுமன்' பார்க்க வந்தவர்களில் 52 வீதம் பெண்கள். 'கப்டன் மார்வல்' 45 வீதம். 'த மார்வல்ஸ்' 35 வீதம். முதல் வார இறுதிக் காசை இந்த வீதத்தில் பிரித்துப் பாருங்கள். 2019 இல் ஆண்களிடமிருந்து 84 மில்லியன், பெண்களிடமிருந்து 69. 2023 இல் ஆண்கள் 30, பெண்கள் 16. ஆண்கள் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் கூடுதலாக மிஞ்சினார்கள், பெண்கள் நாலில் ஒரு பங்குகூட இல்லை. பெண் நாயகியைக் கண்டு ஆண்கள் ஓடினார்கள் என்பது சரியென்றால் வீதம் மற்றப் பக்கமாக அல்லவா சரிந்திருக்க வேணும்? மூன்று பெண்கள் நடித்த படத்தைப் பெண்கள்தான் கூடுதலாகக் கைவிட்டார்கள்.

ஏன் கைவிட்டார்கள்? படம் பார்க்கப் பாடம் படித்துவிட்டு வரச் சொன்னால் சும்மா பொழுதுபோக்க வாறவள் வரமாட்டாள். 'த மார்வல்ஸ்' விளங்க 'கப்டன் மார்வல்' மட்டும் காணாது. 2021 இல் வந்த 'வாண்டாவிஷன்' தொடரும் 2022 இல் வந்த 'மிஸ் மார்வல்' தொடரும் பார்த்திருக்க வேணும். இரண்டும் டிஸ்னி பிளஸ் இணையச் சேவையில் மட்டும். இத்தனையையும் ஒழுங்காகப் பார்க்கிறது தீவிர விசிறி, அவர்களில் கூடப்பேர் ஆண்கள். 2019 இல் நிலைமை தலைகீழ். 2018 ஏப்ரலில் வந்த மார்வலின் 'இன்ஃபினிட்டி வோர்' முடிவில் கப்டன் மார்வலின் சின்னத்தைக் காட்டி விட்டார்கள், 2019 ஏப்ரலில் அதன் தொடர்ச்சியான 'எண்ட்கேம்' வர இருந்தது. அதுக்கு முதல் வந்த கடைசி மார்வல் படம் என்பதால் அதைத் தவறவிட ஆரும் விரும்பவில்லை. அந்த 1.1 பில்லியன் முழுவதையும் நாயகியின் கணக்கில் எழுதுவதும் நேர்மையில்லை, அதையும் தாளில் போடுங்கள்.

விளம்பரம் இன்னொரு காரணம். ஹொலிவூட் நடிகர் சங்கத்தின் வேலைநிறுத்தம் 2023 ஜூலை 14 இல் தொடங்கி நவம்பர் 9 இல் முடிந்தது. படம் நவம்பர் 10. அந்த மாதங்களில் நடித்தவர்கள் பேட்டி குடுத்து விளம்பரம் செய்ய முடியாமல் படம் வந்து சேர்ந்தது. அதே ஆண்டு ஜூலையில் 'பார்பி' 1.4 பில்லியனுக்கு மேல் எடுத்தது. பெண்கள் தியேட்டருக்கு வரமாட்டார்கள் என்ற பேச்சை அந்த ஒரு தொகையே அடிக்கும்.

ஒவ்வொரு படத்துக்கும் தனித்தனி வருத்தம் இருந்தது என்பதையும் சொல்ல வேணும். 'வொண்டர் வுமன் 1984' 2020 நத்தாரில், கொரோனாவில் பாதித் தியேட்டர் பூட்டியிருக்க, அதே நாள் எச்பிஓ மக்ஸ் இணையச் சேவையிலும் விடப்பட்டது. 200 மில்லியன் செலவு, 169 மில்லியன் வசூல். 'பிளக் விடோ' அதே நாள் டிஸ்னி பிளஸில் 30 டொலருக்கு. அதோடு அந்த நாயகியை 2010 இலிருந்து துணைப் பாத்திரமாக வைத்திருந்து, 2019 இல் கதையில் சாகடித்து, 2021 இல்தான் தனிப்படம் குடுத்தார்கள். முடிவு தெரிந்த ஆளுக்குப் பதறிக்கொண்டு ஆர் ரிக்கற் எடுப்பார்? 'பேர்ட்ஸ் ஒஃப் பிரே' (2020) இன்னும் மோசமான முடிவு. அதன் நாயகி ஹார்லி குவினைக் கொண்டாடினது பதின்ம வயதுப் பெண் பிள்ளைகள். 2016 'சூசைட் ஸ்குவாட்' 746 மில்லியன் எடுத்ததில் அவளுடைய பங்கு பெரிது. அந்தப் பிள்ளைகளே 17 வயதாகாமல் தனியே உள்ளே போக முடியாத தரச்சான்றோடு படத்தை எடுத்தார்கள். முதல் வார இறுதி 33 மில்லியன். பேர் விளங்கவில்லையென்று படம் வெளிவந்த பிறகு தியேட்டர்ப் பலகையில் ஹார்லி குவின் பேரை முன்னுக்குப் போட வேண்டி வந்தது.

வெட்டி அணிக்கு ஒரு பலமான ஆதாரம்: 2014 இல் மார்வல் தலைவர் ஐக் பெர்ல்மட்டர் சோனித் தலைவருக்கு எழுதின மின்னஞ்சல், சோனியின் கணினிகளை உடைத்துத் திருடின கோப்புகளோடு வெளியில் வந்தது. 'எலெக்ட்ரா', 'கட்வுமன்', 'சூப்பர்கேர்ள்' மூன்றையும் பெண் படம் ஓடாததற்குச் சான்றாக அதில் எழுதியிருந்தார். 'சூப்பர்கேர்ள்' 1984 இல் வந்த படம்! 30 ஆண்டில் மூன்று படத்தை வைத்து முடிவெடுக்கிற ஆள், 2011 இல் 'கிரீன் லாண்டர்ன்' 200 மில்லியன் செலவழித்து 219 மில்லியன் எடுத்ததை அந்தப் பட்டியலில் சேர்க்கவில்லை. 2008 இல் தன் சொந்தப் படவரிசையைத் தொடங்கின மார்வல் ஸ்டூடியோஸ், பெண்ணைத் தனி நாயகியாக வைத்தது 21 ஆவது படத்தில். சித்திரக்கதையில் வொண்டர் வுமன் 1941 இல் பிறந்தவள். சூப்பர்மானுக்குப் பெரிய படம் 1978 இல், அவளுக்கு 2017 இல்.

பாலைப்பழம்:

இவ்வளவு கணக்குத் தேவையில்லை. படம் நல்லா இருந்தா ஓடும், நல்லா இல்லாட்டி ஓடாது. 'கட்வுமன்' பாத்த ஆக்களுக்குத் தெரியும். முடிஞ்சுது.

கனகராயன்:

பாலைப்பழம் தம்பி, 'கட்வுமன்' மோசமான படமெண்டதிலை எனக்கும் உடன்பாடு. 100 மில்லியன் செலவு, 82 மில்லியன் வசூல், வந்ததும் 'ஸ்பைடர் மான் 2' ஓடிக்கொண்டிருந்த 2004 ஜூலையிலை. ஆனால் உம்மடை விதி இரண்டாம் கிழமைக்குத்தான் பொருந்தும். முதல் வெள்ளிக்கிழமை ரிக்கற் எடுக்கிறவன் படத்தைப் பாத்திருக்கமாட்டான். அவனைக் கொண்டுவாறது முந்தின படம், ட்ரெய்லர், திகதி, ஆர் சேர்ந்து வருகினம் எண்டது. 'த மார்வல்ஸ்' 46 இலை தொடங்கினதுக்குப் படத்தின்ரை தரம் காரணமாக இருக்கேலாது, ஆசை வரேல்லை எண்டதுதான் காரணம். 78 வீதம் விழுந்ததுக்குத் தரத்தைச் சொல்லலாம். அமெரிக்காவிலை பாத்திட்டு வெளியாலை வாறவையிட்டக் கேட்டு எடுக்கிற சினிமாஸ்கோரிலை 'வொண்டர் வுமன்', 'கப்டன் மார்வல்' இரண்டுக்கும் ஏ, 'த மார்வல்ஸ்' படத்துக்கு வெறும் பி, 'மடம் வெப்' படத்துக்கு சி பிளஸ். இந்த இரண்டு காரணத்தையும் பிள்ளையள் கலக்கக்கூடாது. கலந்தால் நடுவர் குழம்புவார், குழம்பினால் சத்தம் கூடின அணி வெல்லும்.

வற்றாப்பளை மருமகள்:

அமெரிக்கக் கணக்கு நல்லாக் கதைச்சிட்டியள். எங்கட பக்கத்தைப் பற்றித் தங்கச்சி கேட்டதுக்கு இன்னும் ஒருத்தரும் வாய் திறக்கேல்லை.

வன்னியிலை ஒரு பெண் தியேட்டருக்குப் போறதெண்டால் முதல் கேள்வி படம் இல்லை, நேரம். புது வெளிநாட்டுப் படத்தைப் பெரிய திரையிலை பாக்கக் கிளிநொச்சி ஆக்கள் யாழ்ப்பாணம் போகோணும், ஏ9 இலை அறுபது கிலோமீற்றருக்கு மேலை. ஆறரைக் காட்சி முடிஞ்சு வெளியாலை வர ஒன்பதாகும். பஸ் பிடிச்சுக் கிளிநொச்சி வந்து இறங்கினாலும் அங்கயிருந்து விசுவமடுவுக்கோ வட்டக்கச்சிக்கோ அந்த நேரத்திலை எதிலை போறது? முல்லைத்தீவுப் பக்கத்து உள்வீதியள் எண்டால் யானைப் பயமும் சேரும். பொடியள் மூண்டு பேர் ஒரு மோட்டச்சைக்கிளிலை போட்டு வந்திடுவாங்கள். அதாலை இரவுக் காட்சிக்கு நிக்கிறது பொடியள், அவங்கள் கேக்கிறது நாயகன் படம், அடுத்த முறையும் அதுதான் வரும். பெண்கள் வரக்கூடியது பத்தரையும் இரண்டரையும். அந்த நேரத்திலை வயல், தோட்டம், கடை, ஆடைத் தொழிற்சாலை வேலை. ஞாயிறு காலமை அறநெறி, மத்தியானத்துக்குப் பிறகு பிள்ளையின்ரை ரியூசன். குடும்பத்தைத் தனியாத் தாங்குற பெண்கள் இஞ்சை கனபேர். நாலு ரிக்கற், போக வர பஸ்காசு, இடைவேளையிலை பிள்ளை கேக்கிறது எல்லாம் கூட்டினால் அது ஒரு கிழமைச் சாமான் காசு. அவ்வளவையும் குடுத்து ஆரெண்டே தெரியாத கப்டனைப் பாக்க அவள் ஏன் போகோணும்?

பெண்ணுக்குச் சக்தி இருக்கிற கதை பிடிக்காமல் இல்லை. முல்லைத்தீவிலை கோவலன் கூத்தைச் சனம் விடிய விடிய இருந்து பாக்கும், அதிலை நீதி கேட்டு நகரை எரிக்கிறது ஒரு பெண். யானையைப் பிடிச்சுக் கட்டின அரியாத்தையின்ரை கதை இந்த மண்ணிலையே பிறந்தது. தென்னிந்தியப் படத்திலையும் பாருங்கோ: 1995 இலை தெலுங்கிலை வந்து தமிழிலை 'அம்மன்' எண்டு ஓடின படத்துக்கும், 2009 இலை வந்த 'அருந்ததி'க்கும் வந்த கூட்டத்திலை பெண்கள் எவ்வளவு எண்டு அந்தக் காலத்து ஆக்களைக் கேளுங்கோ. இரண்டையும் எடுத்தது ஒரே ஆள், கோடி ராமகிருஷ்ணா. ஆரும் அதைச் சூப்பர் ஹீரோ படமெண்டு சொல்லேல்லை, ஆனால் சரக்கு அதுதான்: சக்தி உள்ள பெண், கொடுமைக்காரன், கிராபிக்ஸ். வித்தியாசம் என்னெண்டால் கதைக்குள்ளை போக முன்கூட்டி ஒண்டும் தெரிஞ்சிருக்கத் தேவையில்லை. அம்மனைத் தெரியாத தாய் இருக்கிறாளோ?

இதையே புதுசாச் செய்து காட்டினது மலையாளத்து 'லோகா' (2025 ஓகஸ்ட் 28). கல்யாணி பிரியதர்ஷன் நாயகி. செலவு 30 கோடி இந்திய ரூபாய் அளவு, வசூல் 300 கோடியைத் தாண்டினது. அதே நாள் மோகன்லால் படமும் வந்தது. அவை சரியாச் செய்தது இதுகள்: சனத்துக்குத் தெரிஞ்ச கள்ளியங்காட்டு நீலி எண்ட யட்சியின்ரை கதையிலை நாயகியை ஊண்டினது, எங்களுக்குப் பழையனூர் நீலி எப்பிடியோ அப்பிடி, ஓணத்துக்கு ஒரு கிழமை முதல் விட்டது, குடும்பம் சேர்ந்து வாற நேரம், செலவைச் சின்னனா வைச்சது, தியேட்டருக்கு இரண்டு மாதம் முழுசா விட்டுப்போட்டுத்தான் ஓடிடிக்குக் குடுத்தது. 30 கோடிக்கு 300 கோடி பத்து மடங்கு. அந்த மடங்கு 'வொண்டர் வுமன்' படத்துக்கும் இல்லை, அதுக்கு ஐந்தரைதான். செலவுதான் தோல்வியைத் தீர்மானிக்குது எண்டு முத்தையன்கட்டு அண்ணை ஏன் சொல்லாமல் விட்டவர் எண்டு தெரியேல்லை. 206 மில்லியன் வசூல் 60 மில்லியன் செலவுப் படத்துக்கு வெற்றி.

முத்தையன்கட்டு:

அக்கா சொல்லுற செலவுக் கணக்கு மெய்தான். ஆனால் அதில் ஒரு வில்லங்கம் இருக்கு. பெண் படமென்றால் சின்னச் செலவில் எடு என்று அதையே கொம்பனிக்காரர் சட்டமாக்கிவிடுவார்கள். 'எலெக்ட்ரா' (2005) அப்படித்தான்: அரைகுறைச் செலவு, ஆருக்கும் வேண்டாத ஜனவரி மாதத்தில் வெளியீடு, உலகம் முழுக்க 57 மில்லியன். பிறகு அதே தொகையைக் காட்டி அடுத்த படத்துக்குக் காசில்லை என்றார்கள். 'லோகா' ஓடினது செலவு குறைவு என்பதால் மட்டும் இல்லை, குறைந்த செலவுக்குள் முடிக்கக்கூடிய கதையாக எழுதினதால். இதை வெட்டி அணிப் பிள்ளைகள் கவனமாகச் சொல்ல வேணும், இல்லாவிட்டால் எதிர் அணிக்கு வாய்ப்பாகப் போகும்.

வட்டக்கச்சி வாசகி:

எல்லாருக்கும் நன்றி. ஆண், பெண் எண்டு முதல் வார இறுதிக் காசைப் பிரிச்ச அந்தக் கணக்கை அப்பிடியே தாளிலை போடுறன். அதை இரண்டு அணியும் பாவிக்கேலும்.

இனிப் படம் போடுற விசயம். மண்டபம் 40 அடி நீளம், தகரக் கூரை, இரண்டு பக்கமும் யன்னல். பள்ளிக்கூடத்திலை ஒரு புரொஜெக்ரர் இரவல் கேக்கலாம், 3000 லூமன் எண்டு எழுதியிருக்கு. சனிக்கிழமை பின்னேரம் வைச்சால் சரியோ? தமிழ்க் குரலோ, இங்கிலிசிலை விட்டுக் கீழை தமிழ் எழுத்தோ நல்லம்?

ஒலிஒளி பரந்தன்:

தங்கச்சி, தாய்மார் வாறதெண்டால் தமிழ்க் குரலிலைதான் போடோணும். எழுத்து வாசிக்கிற வேகம் எல்லாருக்கும் ஒண்டில்லை, மடியிலை பிள்ளையை வைச்சிருக்கிறவள் ஒரு வரியைத் தவறவிட்டால் அடுத்ததும் போச்சு. 'வொண்டர் வுமன்', 'கப்டன் மார்வல்', 'லோகா' மூண்டும் தமிழ்க் குரலோடை வந்த படங்கள். 'வொண்டர் வுமன்' 141 நிமிசம், 'கப்டன் மார்வல்' 124. 'லோகா'விலை இரத்தமும் யட்சிப் பயமும் இருக்கு, பத்து வயசுக்குக் கீழை பிள்ளையள் இருந்தால் அதை விடுங்கோ. 'கப்டன் மார்வல்' கதை முன்னுக்குப் பின்னா ஓடும், மார்வல் பாக்காத ஆக்களுக்கு முதல் அரை மணித்தியாலம் தலை சுத்தும். இந்தச் சபைக்கு 'வொண்டர் வுமன்'. ஒரு தீவு, ஒரு தாய், ஒரு மகள் எண்டு நேராத் தொடங்குது.

திரையை 10 அடி அகலத்துக்கு மேலை எடுக்காதேங்கோ. 10 அடிக்கு உயரம் 5 அடி 8 அங்குலம் அளவு வரும். கடைசி வாங்கு அந்த உயரத்தைப்போல ஆறு மடங்குக்குள்ளை நிக்கோணும், அதாவது 34 அடிக்குள்ளை. உங்கட மண்டபம் 40 அடி, முன்னுக்கு ஆறு ஏழு அடி விட்டால் சரியாப் பொருந்தும். முதல் வரிசையைத் திரைக்குக் கிட்டப் போடக்கூடாது, கழுத்து நோகும். திரையின்ரை கீழ் விளிம்பு நிலத்திலையிருந்து நாலு அடி உயரத்திலை இருக்கட்டும், இல்லாட்டி பின்னுக்கு இருக்கிறவைக்கு முன் ஆக்களின்ரை கொண்டைதான் தெரியும்.

வெளிச்சம்: 10 அடித் திரை 56 சதுர அடி. நல்ல இருட்டிலை அதுக்கு 900 லூமன் அளவிலையே காணும், ஆகையாலை 3000 தாராளம். ஆனால் பின்னேரம் மூண்டு மணிக்கு யன்னல் திறந்திருந்தால் அந்த 3000 உம் காணாது, கறுப்பு எல்லாம் சாம்பலாத் தெரியும். இந்த மாதிரிப் படத்திலை சண்டை முக்கால்வாசி இருட்டிலைதான் நடக்கும், அதுதான் முதல்லை அழியும். யன்னலைக் கறுப்பாலை மூடினால் மார்ச் மாதத்துத் தகரக் கூரைக்குக் கீழை சனம் அரை மணித்தியாலம் இருக்காது. அதாலை விவாதத்தைப் பின்னேரம் மூண்டுக்குத் தொடங்கி, படத்தை ஐந்தேமுக்காலுக்குப் போடுங்கோ. தொடக்கத்திலை தீவுக் காட்சியள் வெளிச்சமா இருக்கிறதாலை தப்பும், ஆறேகாலுக்குப் பொழுது பட்டிடும். எட்டேகாலுக்கு முடியும். முடியிற நேரத்தை அறிவித்தலிலை எழுதுங்கோ. தொடங்கிற நேரத்தை விட அதைப் பாத்துத்தான் வீட்டிலை விடுவினம். உள்ளூர் முச்சக்கரவண்டிக்காரர் நாலு பேரிட்ட எட்டேகாலுக்கு வாசலிலை நிக்கச் சொல்லி முன்னமே கதைச்சு வையுங்கோ.

சத்தத்துக்குப் புரொஜெக்ரரிலை இருக்கிற சின்ன ஸ்பீக்கரை நம்பாதேங்கோ. கோயிலுக்குக் கட்டுற குழாய் ஸ்பீக்கரும் வேண்டாம், பேச்சு மூக்கடைச்ச மாதிரிக் கேக்கும். 12 அங்குலப் பெட்டி ஸ்பீக்கர் இரண்டு, திரையின்ரை இரண்டு பக்கமும், காது உயரத்துக்குக் கொஞ்சம் மேலை. தகரக் கூரை எதிரொலிக்கும், அதுக்குப் பின்சுவரிலை கெட்டித் துணி அல்லது பாய் தொங்கவிட்டால் நல்லாக் குறையும். புரொஜெக்ரருக்கும் ஸ்பீக்கருக்கும் ஒரே பிளக் வரிசையிலை கரண்ட் எடுங்கோ. வேறை வேறை இடத்திலை எடுத்தால் உறுமல் சத்தம் வரும்.

ஒரு விசயத்தை இப்பவே தொடங்குங்கோ. ஆரிட்டையும் இருக்கிற நெட்ஃபிளிக்ஸ், ஹொட்ஸ்டார் கணக்காலை பொது மண்டபத்திலை படம் போடேலாது, அந்தக் கணக்கு வீட்டிலை பாக்கிறதுக்கு மட்டுந்தான். ரிக்கற் வைக்காமல் சும்மா போட்டாலும் அதுதான் விதி. படத்தின்ரை விநியோகஸ்தரிட்ட எழுத்திலை அனுமதி கேக்கோணும். வாசிகசாலையின்ரை கடிதத் தலைப்பிலை, இலவசக் காட்சி, எத்தினை பேர், என்ன திகதி, எந்த மண்டபம் எண்டு எழுதுங்கோ. பதில் வரக் கிழமைக் கணக்காகும். வராட்டி வேறை படம் பாக்க நேரம் இருக்கோணும்.

வட்டக்கச்சி வாசகி:

கடிதத்தை நாளைக்கே எழுதுறன். ஐந்தேமுக்கால் எண்டால் சனிக்கிழமை ரியூசன் விட்டு வாற பிள்ளையளுக்கும் சரிவரும். பெட்டி ஸ்பீக்கர் வாடகைக்குக் கிளிநொச்சியிலை எடுக்கேலுமோ, இல்லாட்டிப் பரந்தன் வரோணுமோ?

ஒலிஒளி பரந்தன்:

கிளிநொச்சியிலையே கலியாண வீட்டுக்கு ஒலிபெருக்கி குடுக்கிற ஆக்களிட்டக் கேளுங்கோ. 12 அங்குலம், உள்ளுக்கே அம்ப் இருக்கிறது எண்டு சொல்லிக் கேளுங்கோ. மூண்டரை மில்லிமீற்றர் பின்னிலையிருந்து ஸ்பீக்கருக்குப் போற வயரை நீங்களே வாங்கி வையுங்கோ, பத்து மீற்றர். அவையிட்ட மைக் வயர்தான் இருக்கும், படம் தொடங்கிற நேரத்திலை அதுக்காண்டித்தான் எல்லாரும் ஓடித் திரியிறது.